நைனாவின் கம்போசிங் குரல்

ஐந்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் ‘செபரேட்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பத்து முறை தப்பாக எழுதினாள். டிக்டேஷனில் தவறிய சொற்களைப் பத்துப் பத்து முறை எழுதிவர வேண்டும் என்பது அவள் வகுப்பில் கொடுக்கும் இம்போசிஷன். அவள் எழுதும் விதத்தைப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் நோட்டின் ஓரத்தில் மேலிருந்து கீழாகப் பத்து எஸ். பிறகு அவற்றுக்குப் பக்கத்தில் பத்து ஈ. அப்புறம் பத்து பி. நாற்று நடுகிற மாதிரி வரிசை பிசகாமல் நட்டுக்கொண்டே போனாள். நான்காவது வரிசையில் ஏ நட வேண்டிய இடத்தில் மறுபடியும் ஈ நட்டாள். வேலை முடிந்தபோது ஒரு தப்பு பத்தாக விளைந்திருந்தது. கையெழுத்து மட்டும் முத்து முத்தாக இருந்தது.

“அந்த இடத்தில் ஏன் ஈ போட்டாய்?” என்று கேட்டேன்.

“அங்கே ஒன்றுமே கேட்கவில்லையே அம்மா. மிஸ் ‘செப்ரட்’ என்றுதான் சொன்னார்கள்.”

அவள் சொன்னது சரி. அந்த ஆசிரியை நன்றாக ஆங்கிலம் பேசுபவர். நன்றாகப் பேசியதுதான் இங்கே வினை. ஆங்கிலேயன் சொல்கிறபடி அந்தச் சொல்லைச் சொன்னால் நடுவில் இருக்கும் ஏ காதில் விழவே விழாது. விழுந்தாலும் அ, எ, இ எதுவும் இல்லாத ஒரு முனகலாக விழும். காதில் விழுந்ததை எழுது என்று சொல்லிக் கொடுக்கப்பட்ட பிள்ளை, விழாததை எங்கே போய்த் தேடும்?

எங்கள் வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு: தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். கோயிலுக்கு 1981இல் ஜலகண்டேஸ்வரர் திரும்பி வந்துவிட்டார். பாலாற்றில் அபூர்வமாகத் தண்ணீரும் வருகிறது. அதனால் அந்தப் பட்டியலில் காலியான இடத்துக்கு நான் ஒன்றைச் சிபாரிசு செய்வேன்: உயிர் இல்லாத உயிரெழுத்து.

ஆங்கிலச் சொல்லில் ஏதாவது ஓர் அசையின் மேல்தான் அழுத்தம் விழும். அழுத்தம் பெற்ற அசை மாப்பிள்ளை. மற்ற அசைகள் பந்தியில் இடம் கிடைக்காத தூரத்துச் சொந்தம். அந்த அழுத்தமில்லாத அசைகளில் எழுத்து ஏயோ ஈயோ ஐயோ ஓவோ எதுவானாலும், வாயில் வருவது பெரும்பாலும் ஒரே மங்கலான ‘அ’தான். ஆங்கிலப் பேச்சில் மிக அதிகமாகக் கேட்கும் உயிரொலியே அதுதான். அதற்கு ‘ஷ்வா’ என்று பெயர். எபிரேய மொழியில் எழுத்தின் கீழே வைக்கும் ஒரு புள்ளிக் குறியின் பெயர், ஜெர்மன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தது.

இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது, உச்சரிப்புக் குறியீடுகள் உள்ள ஒரு அகராதியைத் திறந்து வைத்திருந்தேன். ஷ்வாவின் குறி, தலைகீழாகக் கவிழ்த்துப் போட்ட சின்ன ஈ. திண்ணையில் உட்கார்ந்திருந்த நைனா எட்டிப் பார்த்தார்.

“இதற்குத் தனியாக அச்சு வார்க்க வேண்டாம். இருக்கிற ஈயைத் திருப்பி வைத்தால் போதும்” என்றார்.

அது உண்மைதான். ஒலிகளுக்குக் குறிகள் வகுத்தவர்கள் அச்சகத்தில் ஏற்கெனவே இருக்கும் எழுத்துகளைத் திருப்பிப் போட்டே பல குறிகளை உண்டாக்கினார்கள். சர்வதேச ஒலியியல் சங்கம் பாரிஸில் 1886இல் தொடங்கியது. நைனா அதைக் கேள்விப்பட்டதில்லை. ஆனால் பார்த்த மாத்திரத்தில் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

நைனா என்றால் என் அப்பா. எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் அப்படித்தான் கூப்பிடுவோம். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, லாங்கு பஜார் பக்கம் ஒரு சின்ன அச்சகத்தில் கம்பாசிட்டராக, அதாவது அச்சுக்கு ஈய எழுத்துகளைக் கோப்பவராகச் சேர்ந்தார். கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம், நோட்டீஸ், கருமாதிக் கார்டு, தோல் மண்டிகளின் லெட்டர்பேட் எல்லாம் அங்கே அச்சாகும். மாவட்டம் பிரியும்போதெல்லாம் அச்சகத்தில் தீபாவளிதான். 1989இல் வட ஆற்காடு இரண்டானபோது, ‘வட ஆற்காடு மாவட்டம்’ என்று அச்சடித்து அடுக்கி வைத்திருந்த அத்தனை லெட்டர்பேடும் வீணாகி, ‘வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்’ என்று புதிதாகக் கோக்க வேண்டி வந்தது. பிறகு அதுவும் போய் வேலூர் மாவட்டம் ஆனது. 2019இல் வேலூரே மூன்றாகப் பிரிந்தபோது நைனா வேலையை விட்டு வெகுகாலம் ஆகியிருந்தது, கம்ப்யூட்டரும் வந்துவிட்டிருந்தது. ‘இப்போது பிரித்து என்ன பிரயோசனம்’ என்கிற மாதிரி அன்றைய செய்தித்தாளை மடித்து வைத்தார்.

ஆங்கிலம் அவருக்குப் பேச வராது, படித்தாலும் பாதி புரியாது. ஆனால் அவர் கோத்த ஆங்கிலத்தில் ஸ்பெல்லிங் தப்பு வந்து நான் பார்த்ததில்லை. சின்ன வயதில் அவருக்குச் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுபோகும்போது நின்று வேடிக்கை பார்ப்பேன். சாய்த்து வைத்த மரக் கேஸில் எழுத்துக்கு ஒரு குழி. ஆங்கிலச் சின்ன எழுத்துகளின் கேஸில் மிகப் பெரிய குழி ஈக்குத்தான், ஏனென்றால் அதுதான் அதிகம் செலவாகும். இடது கையில் எழுத்துகளை வரிசையாகக் கோக்கும் ஸ்டிக். வலது கை பார்க்காமலே குழிக்குள் போய் ஈய எழுத்தை எடுத்துவரும். கண் கையெழுத்துப் பிரதியில் ஒரு சொல்லை வாங்கினால், கடைசி எழுத்து ஸ்டிக்கில் ஏறும்வரை அந்தச் சொல் மனதைவிட்டு நழுவக் கூடாது. அதற்காக வாய் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். அந்த முணுமுணுப்பு ஆங்கிலமும் இல்லை, தமிழும் இல்லை. ‘செ-பா-ரா-டே.’ ‘கா-லெண்-டார்.’ ‘மெ-டி-சி-னே.’ ‘பு-சி-நெஸ்.’ ‘வெட்-நெஸ்-டே.’ எந்த எழுத்தையும் பட்டினி போடாமல் எல்லாவற்றுக்கும் ஒரு வாய் கொடுக்கும் குரல் அது.

எட்டாம் வகுப்பில் என் தோழிகள் வீட்டுக்கு வந்திருந்தபோது, என் புத்தகத்தை எடுத்து நைனா அந்தக் குரலில் ஒரு பத்தியைப் படித்தார். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அன்று இரவு நான் அவரோடு பேசவில்லை. அவருக்குக் காரணம் தெரிந்திருக்கும். அதற்குப் பிறகு என் முன்னால் அவர் ஆங்கிலத்தை வாய்விட்டுப் படித்ததாக நினைவில்லை.

முப்பது வருடம் கழித்து என் மகளின் இம்போசிஷன் நோட்டைப் பார்த்துவிட்டு, என்னைக் கேட்காமலே அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். “நீ மிஸ்ஸிடம் எப்படி வேண்டுமானாலும் சொல். எழுதும்போது மட்டும் தாத்தா மாதிரி சொல்லு. செ-பா-ரா-டே.” அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே எழுதினாள். எழுதியது சரியாக இருந்தது.

வேலைக்குப் போகிற வழியில் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறேன். யோசிக்க பஸ்ஸில் நேரம் உண்டு. நம்முடைய ஆங்கில உச்சரிப்பைக் கேலி செய்யாதவர்கள் குறைவு. தமிழன் எல்லா அசையையும் ஒரே எடையில் நிறுத்துப் போடுகிறான், ஏற்ற இறக்கம் தெரியாது என்பது குற்றச்சாட்டு. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஸ்பெல்லிங் என்று வரும்போது அந்தக் குறைதான் நம் கையிருப்பு. ‘மெடிசின்’ என்று நாம் முழுசாகச் சொல்கிறோம், லண்டன்காரன் ‘மெட்ஸன்’ என்று நடுவில் இருக்கும் ஐயை விழுங்கிவிடுகிறான். ‘பிசினஸ்’ என்பதில் நம் வாயில் இருக்கும் ‘சி’யின் இகரம் அவன் வாயில் இல்லை. ‘ஃபேமிலி’, ‘டெம்பரேச்சர்’, ‘லைப்ரரி’ எல்லாம் அப்படித்தான். ‘பிப்ரவரி’யைப் பாருங்கள். அதில் இருக்கும் முதல் ‘ஆர்’ எழுத்தை ஆங்கிலேயர் பலர் தொலைத்துவிட்டார்கள். நம் தினசரிக் காலண்டரில் அது பத்திரமாக இருக்கிறது.

இங்கிலாந்துப் பிள்ளைகளுக்கு இது சுலபம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்நாட்டுத் தொடக்கப் பள்ளிப் பாடத்திட்டத்தில் பிள்ளைகள் எழுதக் கற்றாக வேண்டிய சொற்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. மூன்றாம் நான்காம் ஆண்டுப் பட்டியலில் பிசினஸ், காலண்டர், பிப்ரவரி, கிராமர், லைப்ரரி, மெடிசின், செபரேட் எல்லாம் இருக்கின்றன. ஐந்தாம் ஆறாம் ஆண்டுக்கு டெஃபினிட், செக்ரட்டரி, டெம்பரேச்சர், வெஜிடபிள். தாய்மொழிக்காரனுக்கே தனியாகப் பட்டியல் போட்டுக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அவன் வீட்டில் ‘மெட்ஸன்’ என்பதைத் தவிர வேறெதையும் கேட்டே இருக்க மாட்டான்.

ஆனால் நம் கையிருப்பு எல்லா இடத்திலும் செல்லுபடியாகாது. இதையும் சொல்லாவிட்டால் நான் வீண்பெருமை பேசியவளாவேன். சொல்லின் நடுவில் வரும் ஈயை நம் நாக்கு ‘இ’ ஆக்கிவிடுகிறது: சினிமா, டெலிபோன், எலிஃபண்ட். மகள் மூன்றிலும் ஐ போட்டிருந்தாள். ‘கேமரா’வில் அதே ஈயை ‘அ’ ஆக்கிவிட்டோம், அதில் ஏ போட்டிருந்தாள். (எழுத்தின் பெயர்களே ஒரு குழப்பம். ஏ என்று பெயர் வைத்த எழுத்து ‘அ’ என்று ஒலிக்கிறது, ஈ என்று பெயர் வைத்தது ‘எ’ என்று ஒலிக்கிறது. தமிழ்ப் பிள்ளையின் தலையில் இது எப்படி இறங்குகிறது என்பதே எனக்கு ஆச்சரியம்.) ‘சாக்லேட்’டில் நடு ஓவைத் தொலைத்துவிட்டு வால் பக்கத்தை மட்டும் காப்பாற்றியிருக்கிறோம். ‘கவர்மென்ட்’டில் ஒரு ‘என்’ எழுத்தையே காணோம். இங்கெல்லாம் நம் பேச்சு உதவாது, நைனாவின் ‘சோ-கோ-லா-டே’ குரல்தான் உதவும். அந்தக் குரலுக்கும் ஒரு நிபந்தனை இருக்கிறது. எழுத்தைக் கண்ணால் ஒருமுறை சரியாகப் பார்த்த பிறகுதான் அது வேலை செய்யும். நைனா எப்போதும் பிரதியைப் பார்த்துத்தான் முணுமுணுத்தார். பார்க்காத சொல்லை யாராலும் முணுமுணுத்து எழுதிவிட முடியாது.

இந்த முறையைப் பற்றி வகுப்பாசிரியையிடம் சொன்னேன். அவர் முகம் சுளிக்காமல் கேட்டுக்கொண்டார். “இப்படிச் சொல்லிப் பழகினால் உச்சரிப்பு கெட்டுப்போகாதா?” என்றார். நியாயமான கேள்வி. எனக்கு உடனே பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து முருங்கைக்காய் நறுக்கும்போதுதான் வந்தது.

நாம் வாயால் ‘முருங்கக்கா’ என்கிறோம். எழுதும்போது முருங்கைக்காய் என்று எழுதுகிறோம். ‘வெத்தல’ என்று கேட்டு வாங்கிவந்து வெற்றிலை என்று கணக்கில் எழுதுகிறோம். ‘தல வலிக்கிது’ என்று சொல்லும் பிள்ளை, விடுப்புக் கடிதத்தில் தலைவலி என்று எழுதுகிறாள். எழுதுகிற குரல் ஒன்று, பேசுகிற குரல் ஒன்று என்று இரண்டை வைத்துக்கொண்டுதானே ஒவ்வொரு தமிழ்ப் பிள்ளையும் வளர்கிறது? தலைவலி என்று எழுதியதால் யாருடைய பேச்சுத் தமிழும் கெட்டுப்போகவில்லை. நம் இலக்கணக்காரர்கள் இதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். நெடிலாகிய ஐ இரண்டு மாத்திரை ஒலிக்க வேண்டும், சொல்லின் நடுவிலும் கடைசியிலும் ஒரு மாத்திரையாகத் தேய்ந்துவிடும் என்கிறது நன்னூல். அது ஐகாரக்குறுக்கம். நாடு, காசு என்பவற்றின் கடைசி உகரம் அரை மாத்திரையாகக் குறைவது குற்றியலுகரம். இங்கிலாந்துக்காரனின் ஷ்வாவும் ஒருவகையில் இதே தேய்மானம்தான். நாம் ஐயையும் உவையும் தேய்த்தோம், அவன் எல்லாவற்றையும் தேய்த்துவிட்டான்.

மறுநாள் ஆசிரியையிடம் முருங்கைக்காயைச் சொன்னேன். சிரித்தார். அடுத்த வாரத்திலிருந்து டிக்டேஷனுக்கு முன்னால் கரும்பலகையில் சொல்லை எழுதி, ‘எழுதும் குரலில்’ ஒருமுறை எல்லாரையும் சேர்ந்து சொல்ல வைக்கிறார் என்று மகள் வந்து சொன்னாள். அதைத் ‘தாத்தா குரல்’ என்று வகுப்பில் சொல்லிவிட்டாளாம். என் காதில் விழுந்ததை நைனாவிடம் சொல்லவில்லை. அவளே சொல்லிவிட்டாள்.

முருங்கை இன்னொன்றும் கற்றுக்கொடுத்தது. ‘தல’ என்று வாயில் தேய்ந்துபோன சொல்லில் ஐ இருக்கிறது என்பது எப்படித் தெரியும்? ‘தலையில்’ என்று சொல்லிப் பாருங்கள். ஒரு ‘ய’ வந்து எட்டிப் பார்க்கிறது. ‘பல’ என்ற சொல்லோடு அப்படி வராது, ‘பலவும்’ என்று வகரம்தான் வரும். தொலைந்த உயிர் உறவுக்காரர் வீட்டில் இருக்கிறது. ஆங்கிலத்திலும் அதே கதை. அழுத்தம் இடம் மாறும்போது, இருட்டில் கிடந்த எழுத்தின் மேல் வெளிச்சம் விழும். ‘கிராமர்’ கடைசியில் ஏயா ஈயா? ‘கிரமாட்டிகல்’ என்று சொன்னால் ‘மா’ வந்து நிற்கிறது, ஆக ஏ. ‘பாப்புலர்’, ‘ரெகுலர்’, ‘சிமிலர்’ மூன்றும் ‘பாப்புலாரிட்டி’, ‘ரெகுலாரிட்டி’, ‘சிமிலாரிட்டி’ என்று கூப்பிட்டால் ஏயைக் காட்டிக் கொடுத்துவிடும். ‘எடிட்டர்’ முடிவில் ஓ, ஏனென்றால் ‘எடிட்டோரியல்’. ‘மேஜர்’ ஓ, ‘மெஜாரிட்டி’ சாட்சி. ‘டெஃபினிட்’ என்பதற்குள் ‘ஃபைனைட்’ உட்கார்ந்திருக்கிறது, அதனால் அங்கே ஏ போடுவதற்கு வேலையே இல்லை. ‘டிஃபரன்ட்’ ஏயா ஈயா என்று தயங்கினால் ‘டிஃபரென்ஷியல்’ என்று ஒருமுறை சொல்லலாம். ‘பிரசிடென்ட்’, ‘கான்ஃபிடென்ட்’ எல்லாம் அதே வீட்டுப் பிள்ளைகள். எனக்கு மிகவும் பிடித்தது ‘ரிலேட்டிவ்’, அதாவது உறவினர். அதன் நடுவில் இருக்கும் ஏயை ஆங்கிலேயர் சொல்லும்போது கண்டுபிடிக்க முடியாது. ‘ரிலேஷன்’ என்றால் தெளிவாகக் கேட்கும். உறவினருக்கே உறவினர் வந்து சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது.

பத்து வயதுப் பிள்ளைக்கு ‘கிரமாட்டிகல்’ எல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். தெரியாதுதான். அவளுக்கு ஒன்றைச் சொன்னால் இரண்டாகக் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிறு ஆற்காட்டில் அத்தை வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸிலேயே பாடம் நடந்தது. ‘அர்’ என்று முடியும் சொற்கள் தமிழில் எல்லாம் ஒரே வேஷம் போட்டுக்கொண்டு நிற்கும்: டிரைவர், கண்டக்டர், டீச்சர், டாக்டர், டெய்லர், டாலர், சுகர். எழுத்தில் மூன்று ஜாதி. ஆங்கில மண்ணிலேயே விளைந்த வினையோடு ஒட்டியவர்கள் பெரும்பாலும் ஈ ஆர்: டிரைவர், டீச்சர். லத்தீனிலிருந்து பட்டமும் பதவியுமாக வந்தவர்கள் ஓ ஆர்: கண்டக்டர், டாக்டர், கலெக்டர், இன்ஸ்பெக்டர். முடிவுக்கு முன்னால் சியும் டியும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் ஓ போடலாம், டிராக்டர்கூட அப்படித்தான். ‘ஏட்’ என்று முடியும் வினையிலிருந்து வந்தாலும் பெரும்பாலும் ஓதான்: ஜெனரேட்டர், ஆபரேட்டர், கால்குலேட்டர். இன்வெர்ட்டர் மட்டும் கரண்ட் போனதும் வேலை செய்யும் சாதாரண ஈ ஆர்.

மகள் டிரைவரையும் கண்டக்டரையும் மாறி மாறிப் பார்த்தாள். கண்டக்டர் விசில் ஊதினார். “அம்மா, அவர் வாய் ஓ மாதிரி இருக்கிறது” என்றாள். அதற்குப் பிறகு கண்டக்டர் அவளுக்குத் தப்பவே இல்லை. லத்தீனைவிட விசில் பலம். ஆனால் இந்த வித்தை கவிழ்ந்த இடமும் உண்டு. அடுத்த டிக்டேஷனில் ‘டாக்டர்’ சொல்லுக்கு ஏ ஆர் போட்டுவிட்டு வந்தாள். ஏன் என்றால், “டாக்டர் ‘ஆ காட்டு’ என்றுதானே சொல்வார்?”

இதை நைனாவிடம் சொன்னபோது அவர் வேறு கணக்குப் போட்டார். “முதலாளி பிரின்டர், அவருக்கு ஈ ஆர். நான் கம்பாசிட்டர், எனக்கு ஓ ஆர்” என்றார். தாலுகா அலுவலகப் படிவங்கள் எத்தனையோ கோத்தவர், தாசில்தாரும் ரிஜிஸ்திராரும் ஏ ஆர் என்பதை யோசிக்காமலே சொன்னார். அந்த இரண்டையும் ‘ஆர்’ என்று நாம் நீட்டியே சொல்வதால் யாருக்கும் தப்பாது.

ஆற்காடு பஸ் நிலையத்தில் இறங்கும்போது ஆங்கிலப் பெயர்ப் பலகையைப் பார்த்து அவள் கேட்டாள்: ‘காடு’ எங்கே போனது? ஆங்கிலேயன் ஆற்காட்டில் இருந்த காட்டைக் கட்டிலாக்கிவிட்டான். ராணிப்பேட்டையில் கடைசி ஐயைக் கத்தரித்துச் செல்லப்பிராணி ஆக்கிவிட்டான். நம்மவர்கள் அவசரப்பட்டுச் சரிசெய்யப் போனதும் உண்டு. 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி அறிவித்தபோது வேலூரில் வேயன்னாவுக்கு இரண்டு ஈயும் லூவுக்கு இரண்டு ஓவும் போட்டார்கள். ஆங்கிலம் தெரிந்தவன் படித்தால் ‘வீலூர்’. சில நாட்களில் அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். நைனா அன்று விட்டிருந்த பெருமூச்சு ஒரு கம்பாசிட்டரின் பெருமூச்சு.

மத்தியானம் அத்தை வீட்டில் பிரியாணி வாங்கி வந்தார்கள். பொட்டலத்தோடு வந்த விலைப்பட்டியலில் மட்டனுக்கு ஈயும் சிக்கனுக்கு ஓவும் போட்டிருந்தது. சரியாக நேர் எதிர். நம் காதில் இரண்டுமே ‘அன்’. ஆனால் மட்டன் பிரெஞ்சிலிருந்து ஓவோடு வந்தது. பட்டன், காட்டன், லெசன் எல்லாம் அந்தக் கூட்டம்தான். 1066இல் நார்மன்காரர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அவர்கள் மொழிச் சொற்கள் வந்து குவிந்தன. பிரெஞ்சுக்காரர் வாயில் அந்த ஓ இன்றும் உயிரோடு மூக்கின் வழியாக வருகிறது. சிக்கனும் கிச்சனும் பழைய ஆங்கிலத்திலேயே இருந்தவை, அவற்றுக்கு ஈ. ஆட்டுக்கு ஓ, கோழிக்கு ஈ. சாப்பிட்டுக்கொண்டே சொன்னதால் மகளுக்கு அது மறக்கவில்லை. எலும்பைக் காட்டி “இது ஓ” என்று மட்டும் ஒருமுறை சொன்னாள்.

எதற்கும் மசியாத சொற்கள் சில உண்டு. சுகர், டாலர், காலண்டர் இவற்றுக்கு உறவுக்காரர் சாட்சியும் பலமில்லை, கதையும் நீளம். அவற்றைப் பார்த்து, மூடி, எழுதி, திறந்து சரிபார்க்க வேண்டியதுதான். பத்து முறை வேண்டாம், மூன்று முறை போதும். ஆனால் ஒவ்வொரு முறையும் சொல்லை முழுசாக இடமிருந்து வலமாக எழுத வேண்டும், நாற்று நடக் கூடாது. தடுமாற்றம் தரும் அந்த ஓர் எழுத்தை மட்டும் சிவப்பில் எழுதச் சொல்கிறேன். சொல் முழுவதையும் தப்பு என்று சுழித்துவிடுகிற ஆசிரியர்கள்மேல் எனக்கு வருத்தம் உண்டு. எட்டு எழுத்துச் சொல்லில் ஏழைச் சரியாக எழுதிய பிள்ளைக்குத் தவறிய அந்த ஒன்று எது என்று காட்ட ஒரு சின்னக் கோடு போதும்.

போன வாரம் நைனாவின் பழைய பெட்டியைத் துழாவி ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்து வந்தாள். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ஆங்கிலம். இரண்டும் அவர் கோத்தவை. ஆங்கிலப் பக்கத்தில் ‘கார்டியலி இன்வைட்’ என்று ஒரு வரி. “தாத்தா, கார்டியலி என்றால் என்ன?” என்றாள்.

நைனா கொஞ்ச நேரம் அந்தச் சொல்லையே பார்த்தார். ஆயிரக்கணக்கான பத்திரிகைகளில் அதைக் கோத்திருப்பார். “அர்த்தம் தெரியாதும்மா. பத்திரிகை என்றால் அது வரும்” என்றார்.

அகராதியைப் பார்த்தோம். லத்தீனில் இதயம் என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது, மனமார என்று அர்த்தம். மகள் பத்திரிகையைத் திருப்பித் தமிழ்ப் பக்கத்தில் அந்தச் சொல் இருக்கிறதா என்று தேடினாள். பிறகு நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தாள், பாதியில் நின்றுவிட்டாள். நைனா என் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, வாய்விட்டே சொன்னார்.

“கோர்-டி-ஆல்-லை. கடைசியில் இரண்டு எல் வரும், பார்த்துக்கொள். ஒன்று விழுந்தால் கல்யாணம் முடிந்த பிறகுதான் கண்ணில் படும்.”